மழை வருமுன் குழாயைக் கவனியுங்கள்: வீட்டுத் தோட்டப் பாசனம் – வாசகர் கேள்வி பதில்

புரட்டாசி பிறந்ததிலிருந்து தண்ணீர்க் குழாயைப் பற்றியே பல கடிதங்கள். 'மழை வரப்போகிறது, இனி இரண்டு மூன்று மாதம் பாசனத்துக்கு வேலை இல்லை, அப்படியே விட்டுவிடலாமா?' என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். விடக் கூடாது. பாசனக் குழாய் ஓடும்போது கெடுவதைவிடச் சும்மா கிடக்கும்போதுதான் அதிகம் கெடுகிறது. உள்ளே நின்ற தண்ணீர் வற்றி உப்பாகப் படியும், பாசி கட்டும், துளைக்குள் எறும்பு புகுந்து மண் சேர்க்கும். மாசியில் வெயில் ஏறும்போது திறந்து பார்த்தால் பாதி வாய் அடைந்திருக்கும். எங்கெங்கே கைவைக்க வேண்டும் என்பதைக் கேள்விகளின் வழியே பார்ப்போம்.

வீட்டு முன்புறம் 600 சதுர அடியில் கொரியன் புல் போட்டிருக்கிறோம். தண்ணீர் விட்டால் தரையிலிருந்து எழும் எட்டு பாப்-அப் தெளிப்பான், சம்பிலிருந்து ஒரு மோட்டார், சுவரில் நேரம் வைத்து ஓடவிடும் கன்ட்ரோலர். ஐப்பசி மழைக்கு முன் என்ன செய்ய வேண்டும்? கன்ட்ரோலரை அணைத்துவிட்டால் போதாதா?
– வாசகி, வடவள்ளி, கோவை

அணைத்துவிட்டால் புல் பிழைத்துக்கொள்ளும், தெளிப்பான் பிழைக்காது. அரை நாள் ஒதுக்கினால் இந்த வேலையை முடித்துவிடலாம்.

முதலில் மோட்டாரைப் போட்டு எட்டுத் தெளிப்பானையும் ஒருமுறை ஓடவிட்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். எது முழுதாக மேலே வரவில்லை, எது சாய்ந்து நிற்கிறது, எது சுவரை நனைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடியில் தண்ணீர் கொப்பளித்தால், தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீலில் மணல் சிக்கியிருக்கிறது அல்லது சீல் தேய்ந்திருக்கிறது. காலால் தண்டை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டாலே மணல் வெளியேறிச் சரியாகிவிடுவதுண்டு. ஆகவில்லை என்றால் மூடியைத் திருகிக் கழற்றிச் சீலை மாற்ற வேண்டும்.

அடுத்து, மோட்டாரை நிறுத்திவிட்டுத் தண்டைக் கையால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு நாசிலைத் திருகி எடுங்கள். அதன் அடியில் விரல் நுனி அளவுக்குச் சின்னக் கூடை போல ஒரு சல்லடை இருக்கும். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தண்ணீர் தூரம் போகவில்லை என்றால் பத்தில் எட்டு முறை குற்றவாளி இதுதான். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். நாசில் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சிட்ரிக் அமிலம் (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள்) கரைத்து இரவு முழுக்க ஊறவையுங்கள். ஊசி, கம்பி எதையும் துளைக்குள் விடாதீர்கள். துளை ஒரு நூலளவு பெரிதானாலும் தண்ணீர் விசிறியாக விரியாமல் பீய்ச்சி அடிக்கும். நாசிலைத் திரும்பப் பொருத்துமுன் மோட்டாரை அரை நிமிடம் போட்டு, வெறும் தண்டின் வழியே குழாய்க்குள் தங்கிய மணலை வெளியே தள்ளிவிடுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் கழுவியதெல்லாம் வீண்.

மூன்றாவது, உயரம். வருடா வருடம் மண் அணைத்து, எரு தூவி, புல்லும் அடர்ந்து, தரை மெல்ல ஏறிவிடும். தெளிப்பான் மட்டும் பள்ளத்தில் நிற்கும். மழைக்காலத்தில் சேறு நேராக அந்தக் குழிக்குள்தான் இறங்கும். சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் புல்லோடு மண்ணைத் தோண்டி எடுத்து, கீழே நீட்டிப்புத் துண்டு போட்டு உயர்த்தி, மூடியின் மேல்விளிம்பு மண் மட்டத்தோடு சமமாக நிற்கும்படி வையுங்கள். எடுத்த புல்லை அப்படியே திரும்பப் பதித்தால் மழையில் பத்து நாளில் ஒட்டிக்கொள்ளும்.

கன்ட்ரோலரை அணைப்பதற்குப் பதிலாக, மழை நாட்களில் வாரம் ஒருமுறை இரண்டே நிமிடம் ஓடும்படி வையுங்கள். வால்வுக்குள் உள்ள ரப்பர் சவ்வு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவும், தண்டைச் சுற்றி இறங்கிய சேறு இறுகாமல் இருக்கவும் அது போதும். மழை உணரி பொருத்தியிருந்தால், உள்ளே தக்கை போன்ற வட்டுகள் நனைந்து உப்பித்தான் மின்சுற்றைத் துண்டிக்கின்றன. அதை ஓட்டுச் சரிவின் கீழோ தென்னை மட்டையின் கீழோ வைத்தால் எவ்வளவு மழை பெய்தாலும் அதற்குத் தெரியாது. திறந்த வானத்தின் கீழ் வையுங்கள், 6 மி.மீ. மழையில் துண்டிக்கும்படி அதன் அளவை வையுங்கள்.

சம்பின் அடியில் சேறு ஒரு அங்குலத்துக்கு மேல் இருந்தால் இப்போதே அள்ளிவிடுங்கள். மழைநீர் உள்ளே இறங்கும்போது அந்தச் சேறு கலங்கி எழுந்து உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வின் சல்லடையை மூடிவிடும். மோட்டார் இணைப்பில் எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துவிடுங்கள். ஈரத் தரையும் மோட்டாரும் சேரும் இடத்தில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

மாடித் தோட்டத்தில் 40 குரோ பேக். சொட்டுநீர் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. போர் தண்ணீர், உப்பு அதிகம். இப்போது பாதி பைகளுக்குத் தண்ணீரே வரவில்லை. சொட்டு விடும் டிரிப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? மழைக்கு முன்பே செய்ய வேண்டுமா, பிறகு செய்யலாமா?
– வாசகர், திருநகர், மதுரை

மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். அதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. டிரிப்பரின் கீழே ஒரு டம்ளரை வைத்து, கைப்பேசியில் 36 விநாடி எண்ணிச் சேர்ந்த தண்ணீரை மருந்துக் குப்பி மூடியாலோ ஊசிக் குழலாலோ அளக்க வேண்டும். கிடைத்த மில்லி லிட்டரைப் பத்தால் வகுத்தால் அதுதான் மணிக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு. 20 மில்லி வந்தால் மணிக்கு 2 லிட்டர். நீங்கள் வாங்கியது 2 லிட்டர் டிரிப்பராக இருந்து 15 மில்லிக்குக் கீழே வருகிறது என்றால் அடைப்பு தொடங்கிவிட்டது. வரிசையின் முதல் பை, நடுப் பை, கடைசிப் பை மூன்றிலும் அளந்து பாருங்கள். மூன்றிலுமே குறைவு என்றால் ஃபில்டரைப் பாருங்கள். கடைசியில் மட்டும் குறைவு என்றால் குழாயின் கடைக்கோடியில் வண்டல் சேர்ந்திருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தால்தான் கோளாறு டிரிப்பரில்.

அடைப்பு என்ன வகை என்று பார்த்துத்தான் மருந்து. வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தால் அது சுண்ணாம்பு உப்பு. பச்சையாக வழவழப்பாக இருந்தால் பாசி. செம்பழுப்பாகச் சளி போல இருந்தால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. நறநறவென்றால் மணல்.

உங்களுக்குப் பெரும்பாலும் சுண்ணாம்பாகத்தான் இருக்கும். கடினத் தண்ணீரில் சுண்ணாம்பு, பைகார்பனேட்டாகக் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. கறுப்புக் குழாய் மொட்டை மாடி வெயிலில் கிடந்து சூடேறும்போதும், டிரிப்பர் வாயில் கடைசிச் சொட்டு நின்று காயும்போதும் கரியமில வாயு பிரிந்து போய், கரையாத கார்பனேட்டாகப் படிகிறது. பாலுக்கு ஆடை போல ஒவ்வொரு நாளும் ஒரு படலம். அதனால்தான் பகல் 11 மணிக்குத் தண்ணீர் விடுபவர்களின் டிரிப்பர், காலை 6 மணிக்கு விடுபவர்களுடையதைவிடச் சீக்கிரம் அடைகிறது.

பட்டன் வகை டிரிப்பராக இருந்தால் கழற்றி, பிரித்து, லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஒரு இரவு போட்டுவையுங்கள். முதலில் நுரை பொங்கும். நுரை நின்றபின்னும் வெள்ளை மீதி இருந்தால் கரைசல் தீர்ந்துவிட்டது, புதிதாகக் கரைத்து ஊற்றுங்கள். குழாயோடு சேர்ந்த இன்லைன் வகையைக் கழற்ற முடியாது. அதற்குக் குழாயையே நிரப்ப வேண்டும். 16 மி.மீ. லேட்டரலில் (டிரிப்பர் வரிசையாக உள்ள கிளைக் குழாயில்) ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 150 மில்லிதான் பிடிக்கும், ஆக 30 மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் போதும். முதலில் கடைசி மூடியைத் திறந்து வெறும் தண்ணீரால் அலசிவிடுங்கள். பிறகு மூடியை மாட்டி, டிரிப்பர் குச்சிகளையும் குழாயையும் பைக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டு, உயரத்தில் வைத்த வாளியிலிருந்து கரைசலைக் குழாய்க்குள் இறக்குங்கள். வாய் திறந்திருக்கும் டிரிப்பர் வழியாகக் கொஞ்சம் சொட்டிப் போகும், அதற்காக ஒன்றிரண்டு லிட்டர் கூடுதலாகவே கரைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க வைத்திருந்து, காலையில் மூடியைத் திறந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் வயலில் ஏக்கர் கணக்கில் சொட்டுநீர் போட்டவர்களுக்கானது. 40 பைக்கு அது தேவையில்லை. அப்படியும் பயன்படுத்துவதாக இருந்தால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கழிப்பறை கழுவும் அமிலத்தைத் தொடவே வேண்டாம், அதில் சோப்பும் சாயமும் கலந்திருக்கும்.

பாசிக்கு மருந்து குளோரின். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை 100 லிட்டருக்கு 40 மில்லி கலந்தால் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) வரும். குழாயை நிரப்பி ஒரு மணி நேரம் வைத்து அலசினால் போதும். அதற்குப் பதில் பிளீச்சிங் பவுடர் வேண்டாம். அதில் சுண்ணாம்பு இருப்பதால், கடினத் தண்ணீரில் அதுவே இன்னொரு படிவாக மாறும். மிக முக்கியம்: அமிலத்தையும் குளோரினையும் ஒரே நாளில், ஒரே வாளியில் கையாளாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. மூடிய அறையில் ஆளையே சாய்த்துவிடும். நடுவில் இரண்டு நாள் இடைவெளியும் நல்ல அலசலும் வேண்டும். பாசி திரும்ப வராமலிருக்க, வெள்ளையாக ஒளி ஊடுருவும் மைக்ரோ டியூபைக் கறுப்பு டியூபாக மாற்றிவிடுங்கள். வெளிச்சம் இல்லாமல் பாசி வளராது.

ஃபில்டர் 120 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 120 கண்) அளவில் இருக்க வேண்டும். உங்கள் தண்ணீருக்கு வாரம் ஒருமுறை கழுவுங்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம், ஜீவாமிர்தம் எதையும், எத்தனை முறை வடிகட்டியிருந்தாலும், டிரிப்பர் வழியே விடாதீர்கள். பூவாளியில் ஊற்றுங்கள். டி.ஏ.பி. உரமும் அப்படித்தான். அதிலுள்ள பாஸ்பேட் உங்கள் தண்ணீரின் சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாகிவிடும்.

எப்போது என்று கேட்டீர்கள். மழைக்கு முன்பே செய்யுங்கள். உப்போடு மூன்று மாதம் காய்ந்து கிடந்தால் படிவு இறுகி, பிறகு எந்தக் கரைசலுக்கும் அசையாது. கழுவி முடித்ததும் எல்லாக் கடைசி மூடிகளையும் திறந்து தண்ணீரை வடித்து, மூடியை மாட்டாமல் குழாய் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டி வையுங்கள். எறும்பு புகாது.

மேல்நிலைத் தொட்டிக் குழாயில் பேட்டரி டைமர் மாட்டினேன். 'கிளிக்' சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை. டைமர் பழுதா?
– வாசகர், வேளச்சேரி, சென்னை

டைமர் நன்றாகவே இருக்கலாம், உங்களிடம் அழுத்தம் இல்லை. 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார். தொட்டி ஆறடி மேடையில் இருந்து, செடிகளும் அதே மாடியில் இருந்தால் கிடைப்பது 0.2 பார்கூட இல்லை. சவ்வு வகை வால்வு திறக்க ஏறக்குறைய அரை பார் வேண்டும். அழுத்தம் இல்லாமலே, உள்ளே துளையுள்ள பந்து சுழன்று திறக்கும் பால் வால்வு வகை டைமர் என்று கேட்டு வாங்குங்கள். அழுத்தம் சீராக்கும் டிரிப்பர்களும் இந்த உயரத்தில் ஒழுங்காக வேலை செய்யாது. சாதாரண டிரிப்பரோ வெறும் மைக்ரோ டியூபோ போடுங்கள், அல்லது சின்ன பிரஷர் பம்ப் ஒன்று வையுங்கள்.

பேட்டரி விஷயத்தில் ஒன்று. ஆல்கலைன் பேட்டரியே போடுங்கள். ரீசார்ஜ் வகையில் 1.2 வோல்ட்தான் வரும். சார்ஜ் குறையும்போது சில டைமர்கள் திறந்த வால்வை மூட முடியாமல் அப்படியே நின்றுவிடும். விடியும்போது தொட்டி காலி. மழை தொடங்கியதும் டைமரைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, உள்ளே நின்ற தண்ணீரை உதறி, வீட்டுக்குள் வையுங்கள்.

நான்கு வால்வில் ஒன்று மட்டும் மூடுவதே இல்லை. அந்தப் பக்கத் தெளிப்பான்கள் நாள் முழுக்க கசிந்துகொண்டே இருக்கின்றன.
– வாசகி, கே.கே.நகர், திருச்சி

கன்ட்ரோலரின் பிளக்கைப் பிடுங்குங்கள். கசிவு நின்றுவிட்டால் கோளாறு கன்ட்ரோலரில். நிற்கவில்லை என்றால் வால்வில்.

வால்வு என்றால், முதலில் அதன் தலையில் உள்ள சின்ன ப்ளீட் திருகு (வால்வைக் கையால் திறக்க உதவுவது) தளர்ந்திருக்கிறதா பாருங்கள். மண் கிளறும்போது யாராவது திருப்பி விட்டிருப்பார்கள். அடுத்து, பிரதான வால்வை மூடி அழுத்தத்தை இறக்கிவிட்டு, மேல்மூடியைக் கழற்றுங்கள். கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு சுருள்வில், அதன் கீழே ரப்பர் சவ்வு. சவ்வின் அடியில் ஒரே ஒரு மணல் துகள் சிக்கினாலும் வால்வு மூடாது, காவிரிக்கரை வீடுகளில் இதுதான் வழக்கம். சவ்வையும் அது உட்காரும் விளிம்பையும் கழுவுங்கள், வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பாருங்கள். கிழிந்திருந்தால் சவ்வு மட்டும் தனியே கிடைக்கும். மூடும்போது திருகுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குங்கள், ஒரே பக்கமாக முடுக்கினால் சவ்வு மடங்கும்.

இதற்கு எதிர்க் கோளாறு, வால்வு திறக்கவே மறுப்பது. அப்போது வால்வைத் திறக்கும் மின்சுருளான காயிலின் இரண்டு ஒயரையும் பிரித்து மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 24 வோல்ட் காயில்களில் 20 முதல் 60 ஓம் காட்டினால் நலம். முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எரிந்துவிட்டது. காயில் நலமாக இருந்தும் திறக்கவில்லை என்றால் ஒயர் இணைப்பில்தான் வினை. வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. உள்ளே செம்பு பச்சை பூத்து அறுந்திருக்கும். ஜெல் நிரப்பிய நீர்புகா கனெக்டர் போட்டு முடியுங்கள்.

கரிசல் மண். கோடையில் தினமும் 20 நிமிடம் தெளிப்பான் ஓடுகிறது. தண்ணீர் தெருவுக்கு ஓடுகிறது, புல் மட்டும் காய்கிறது. வரும் அக்னி நட்சத்திரத்துக்குள் என்ன மாற்றம் செய்யலாம்?
– வாசகர், கோவில்பட்டி

நிமிடத்தை மறந்துவிட்டு மில்லிமீட்டரில் யோசியுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். மே மாத வெயிலில் நம் ஊர்ப் புல்தரைக்கு நாளுக்கு 4 முதல் 5 மி.மீ. போதும். 500 சதுர அடிக்கு, அதாவது 46 சதுர மீட்டருக்கு, 185 முதல் 230 லிட்டர்.

உங்கள் தெளிப்பான் எவ்வளவு ஊற்றுகிறது என்று அளக்க, ஒரே அளவுள்ள, நேர்ச்சுவர் உள்ள டப்பா எட்டோ பத்தோ எடுத்துப் புல்லில் பரவலாக வையுங்கள். 15 நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் தண்ணீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்து, சராசரியை நான்கால் பெருக்கினால் மணிக்கு இத்தனை மி.மீ. என்று தெரிந்துவிடும். நிலையாக விசிறும் பாப்-அப்கள் மணிக்கு 40 மி.மீ. வரை கொட்டும். ஈரமான கரிசல் மண் மணிக்கு 5 மி.மீ. உறிஞ்சினாலே பெரிது. மீதி தெருவுக்கு ஓடாமல் என்ன செய்யும்! ஒரு டப்பாவில் 3 மி.மீ., இன்னொன்றில் 12 என்று வந்தால் வேறு பிரச்சினையும் இருக்கிறது. ஒரு தெளிப்பானின் நீர் அடுத்த தெளிப்பானின் தலையைத் தொட வேண்டும், அங்கே தொடவில்லை.

தினமும் விடுவதை நிறுத்துங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை 12 முதல் 15 மி.மீ. கொடுங்கள். 40 மி.மீ. தெளிப்பானில் 12 மி.மீ.க்கு 18 நிமிடம் ஆகும். அதை ஒரே மூச்சில் விடாமல், நாலரை நிமிடமாக நான்கு தவணை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஊற விட்டு, கடைசித் தவணை விடியற்காலையில் முடியும்படி வையுங்கள். மறுநாள் நீளமான ஸ்க்ரூடிரைவரைத் தரையில் குத்திப் பாருங்கள். ஐந்து அங்குலம் தடையில்லாமல் இறங்கினால் வேருக்குத் தண்ணீர் சேர்ந்துவிட்டது. வசதி இருந்தால் நாசிலை மட்டும் மாற்றி, மணிக்கு 10 மி.மீ. அளவில் மெல்லச் சுழன்று தெளிக்கும் வகையைப் போடுங்கள். கரிசலுக்கு அதுதான் சரியான ஜோடி.

இன்னொன்றும் கரிசல்காரர்கள் கவனிக்க வேண்டும். இந்த மண் கோடையில் வெடித்து, மழையில் உப்பும். அந்த இழுபறியில் விறைப்பான பி.வி.சி. இணைப்புகள் விட்டுக்கொடுக்கும். முதல் பெருமழை முடிந்த வாரம், மோட்டாரைப் போட்டுத் தோட்டத்தைச் சுற்றி நடந்து, காரணமில்லாமல் சொதசொதவென்று இருக்கும் இடத்தைத் தேடுங்கள்.

அணில் தினமும் லேட்டரலைக் கடித்துவிடுகிறது.
– வாசகி, தென்காசி

தாகத்துக்கும் கடிக்கும், பல் தீட்டவும் கடிக்கும். மண் தட்டு ஒன்றில் தினமும் புதுத் தண்ணீர் வையுங்கள். குழாயின் மேல் இரண்டு அங்குலத்துக்குத் தேங்காய் நாரோ மண்ணோ போட்டு மூடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பெருமளவு குறையும். கடிபட்ட இடத்தில் டேப் சுற்றுவது வீண்வேலை. அந்தத் துண்டை வெட்டி எடுத்து ஜாயினர் போடுங்கள். குழாய் முனையை அரை நிமிடம் வெந்நீரில் நனைத்தால் எளிதாக ஏறும், எண்ணெய் தடவ வேண்டாம். புதுக் குழாய் வாங்கினால் ஐ.எஸ். 12786 முத்திரை பார்த்து வாங்குங்கள்.

வளவுக்குப் பின்னால புல்தரைக்கு நிலத்துக்கடியில ஸ்பிரிங்ளர் இருக்கு, ஆறு சோன் (தனித்தனியாத் திறக்கிற பகுதி). போன வருசம் பனிக்காலத்தில ரெண்டு பைப் வெடிச்சுப் போச்சு. இந்த முறை நானே கொம்ப்ரசர் வச்சு ஊதலாமோ? விளக்கமாச் சொல்லுங்கோ.
– வாசகர், ஸ்காபரோ, கனடா

தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். உங்கள் ஊரில் உறைபனி நாலடி ஆழம் வரை இறங்கலாம் என்று வைத்துத்தான் கட்டட அடித்தளமே போடுகிறார்கள். தெளிப்பான் குழாயோ ஓர் அடி ஆழத்தில் கிடக்கிறது. ஆகவே உள்ளே தண்ணீரே இருக்கக் கூடாது. அக்டோபர் முடிவதற்குள் ஊதிவிட வேண்டும்.

நீங்களே செய்யலாம். ஆனால் ஆணி அடிக்கப் பயன்படுத்தும் சின்னக் கொம்ப்ரசர் உதவாது. அதில் அழுத்தம் இருக்கும், காற்றின் அளவு போதாது. தண்ணீருக்கு மேலே காற்று வழுக்கிப் போய், பள்ளத்தில் நீர் அப்படியே தங்கிவிடும். நிமிடத்துக்கு 20 கன அடியாவது தரும் பெரிய இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள்.

பேஸ்மென்டில் உள்ள பிரதான வால்வை மூடி, அதையொட்டிய வடிகால் மூடியைத் திறந்து விடுங்கள். கொம்ப்ரசரை, நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் கருவிக்குப் பிறகு உள்ள வாயில் மாட்டுங்கள். அந்தக் கருவியின் வழியே ஊதினால் சூடான காற்று அதன் சீல்களைக் கெடுக்கும். காற்றைத் திறக்கும் முன்பே கன்ட்ரோலரில் ஒரு சோனைத் திறந்து வைத்திருக்க வேண்டும். கொம்ப்ரசரிலிருந்து மிகத் தொலைவான சோனில் தொடங்குங்கள். பொலிதீன் குழாய்க்கு 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு மேல் போகாதீர்கள். தெளிப்பானிலிருந்து தண்ணீர் நின்று வெறும் புகைபோல வந்ததும் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு சோனில் ஒரே மூச்சில் இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தண்ணீர் இல்லாமல் சுழலும் தெளிப்பானின் பற்சக்கரம் சூடேறி உருகும். எல்லா சோனும் முடிந்ததும் இன்னொரு சுற்று ஊதுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தெளிப்பானுக்கு மேலே குனிந்து பார்க்காதீர்கள்.

முடிந்ததும், பின்தடுப்புக் கருவியின் பால் வால்வு கைப்பிடிகளைப் பாதி திறந்த நிலையில், சாய்வாக விடுங்கள். முழுதாக மூடினாலும் திறந்தாலும் பந்தின் குழிக்குள் கொஞ்சம் நீர் சிறைப்பட்டு, உறைந்து வால்வின் உடலைப் பிளக்கும். போன வருடம் வெடித்தவற்றில் ஒன்று வெளிச்சுவர் அருகே இருந்ததா என்று பாருங்கள், பலமுறை காரணம் இதுதான். மே மாதம் திரும்பத் திறக்கும்போது பிரதான வால்வைக் கால் திருப்புக்கும் குறைவாகத் திறந்து, குழாய் மெல்ல நிரம்ப விடுங்கள். சட்டென்று திறந்தால் காற்றைத் தள்ளிக்கொண்டு ஓடும் தண்ணீர் சம்மட்டி போலக் குழாயின் முழங்கை இணைப்பில் மோதும்.

ஊட்டியிலும் இப்படி ஊத வேண்டுமா?
– வாசகி, ஃபிங்கர்போஸ்ட், உதகை

வேண்டாம். உங்கள் உறைபனி டிசம்பர், ஜனவரி இரவுகளில் தரையின் மேல் படிந்து, வெயில் ஏறியதும் கரைந்துவிடும். ஆறு அங்குலம் ஆழத்தில் புதைத்த குழாய்க்கு ஆபத்து இல்லை. வெளியே நிற்கும் குழாய், ஹோஸ், ஃபில்டர் ஆகியவற்றை மாலையிலேயே வடித்துவிடுங்கள், சுவர்க் குழாயைச் சணல் சாக்கால் சுற்றுங்கள். வெள்ளை பூத்த புல்லில் நடக்காதீர்கள், தாள் முறிந்து காலடித் தடம் கறுக்கும். தாவரவியல் பூங்காவில் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடுவது போல, டிரிப்பர் போட்ட இளஞ்செடிகளையும் மாலையில் மூடிவையுங்கள்.

வால்வு பெட்டியில் மழைத்தண்ணீர் தேங்கிப் புழு நெளிகிறது. மருந்து தெளிக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

அது கொசுப்புழு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படி மூடிய, நிழலான, சுத்தமான தண்ணீர்தான் மிகவும் பிடிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை பஞ்சாலோ குவளையாலோ தண்ணீரை எடுத்துவிட்டு, உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துவிடுங்கள். தேய்ப்பதை விடாதீர்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். நிரந்தரத் தீர்வுக்கு, மழை விட்டதும் பெட்டியின் அடி மண்ணை ஆறு அங்குலம் தோண்டி எடுத்து, முக்கால் அங்குல ஜல்லியால் நிரப்புங்கள். வால்வின் அடிப்பாகத்துக்கும் ஜல்லிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள், அடுத்த முறை திருகைக் கழற்றக் கை நுழைய வேண்டும்.